சூடானதும் ஸ்டார்ட் ஆகாத பைக்: ஆறுவதற்குள் என்ன பார்க்க வேண்டும்

காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது, வழியில் எந்தத் தொந்தரவும் இல்லை, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு டீ குடிக்க பத்து நிமிடம் நிறுத்தினால் அப்புறம் எவ்வளவு உதைத்தாலும் பேசுவதில்லை. அரை மணி நேரம் கழித்து மறுபடி ஒரே கிக். மெக்கானிக்கிடம் கொண்டு போய் விட்டால் அவர் கைக்கு வரும்போது என்ஜின் ஆறியிருக்கும், அவர் உதைத்ததும் ஸ்டார்ட் ஆகிவிடும், "நல்லாத்தானே இருக்கு" என்பார். அப்படியும் நாம் வற்புறுத்தினால் ப்ளக்கை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஏர் ஃபில்டரைத் தட்டிக் கொடுப்பார். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே கதை.

இது கண்டுபிடிக்கவே முடியாத நோய் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள், சிலர் இதற்காகவே வண்டியை விற்றும் விடுகிறார்கள். உண்மையில் இது தேடினால் கிடைக்கிற குறைதான். ஒரே ஒரு நிபந்தனை: குறை சூட்டில் மட்டும் வருகிறது, அதனால் சூடாக இருக்கும்போதுதான் தேட வேண்டும். ஆறிய பைக்கில் எதைச் சோதித்தாலும் சரியாகவே காட்டும். வண்டி நின்றுபோன அந்த முதல் ஐந்து பத்து நிமிடத்தை உதைத்து வீணாக்காமல், என்ன இல்லை என்று பார்த்துவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

என்ன இல்லை என்று கேட்பதற்கு முன்னால் என்னவெல்லாம் வேண்டும் என்று தெரிய வேண்டும். பெட்ரோல் என்ஜின் ஓட மூன்று விஷயம் போதும். காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்து உள்ளே போக வேண்டும் (எடைக் கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல்). அந்தக் கலவையைப் பிஸ்டன் நன்றாக அழுத்த வேண்டும், இதைத்தான் கம்ப்ரஷன் என்கிறோம். அழுத்திய நேரத்தில் ப்ளக்கில் நல்ல பொறி விழ வேண்டும், இதை ஒர்க்‌ஷாப்பில் "கரண்ட் வருதா" என்று கேட்பார்கள். மூன்றும் இருந்தால் ஸ்டார்ட் ஆகியே தீரும். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மூன்றில் ஏதோ ஒன்று போய்விட்டது. சூடானதும் மட்டும் போகிறது என்றால், வெப்பம் எதைக் கெடுக்கும் என்று யோசித்தால் பட்டியல் சின்னதாகிவிடும்.

சரி, ஓடும்போது நன்றாக ஓடுகிற வண்டி நிறுத்திய பிறகு ஏன் முரண்டு பிடிக்கிறது? அப்போதும் சூடாகத்தானே இருந்தது? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. காற்றால் குளிரும் என்ஜினில், வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ஹெட்டின் (சிலிண்டரின் மேல்மூடி) மேலும் கார்புரேட்டரின் மேலும் அடித்துக்கொண்டே இருக்கும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாவதே அதைக் குளிர வைக்கும். என்ஜினை அணைத்ததும் இரண்டும் நின்றுவிடும், ஆனால் ஹெட்டில் சேர்ந்திருக்கிற சூடு எங்கும் போய்விடாது. அது மெதுவாக கார்புரேட்டருக்கும், டேங்க் அடியில் இருக்கிற, ப்ளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்கும், மேக்னெட் (என்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் பாகம்) கவருக்குள் இருக்கிற கம்பிச் சுற்றுகளுக்கும் பரவும். அதனால் நிறுத்திய அடுத்த பத்து பதினைந்து நிமிடம் இந்தப் பாகங்கள் ஓடும்போது இருந்ததை விட அதிகமாகச் சூடேறும். ஓடும்போது எல்லைக்கோட்டில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த பாகம் நிறுத்திய பிறகு கோட்டைத் தாண்டிவிடுகிறது. நிறுத்திய உடனே உதைத்தால் ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஆகாமல் போவதற்கும் இதுதான் காரணம்.

நின்ற இடத்தில் முதல் ஐந்து நிமிடம்

முதலில் சின்ன விஷயங்கள்: கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச், டேங்கில் பெட்ரோல், பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா. சோக் தெரியாமல் இழுத்தபடி இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் சூடான என்ஜினுக்குச் சோக் போட்டால் அதுவே ஸ்டார்ட் ஆகாமல் இருக்கப் போதுமான காரணம்.

அப்புறம் டேங்க் மூடியைத் திறங்கள். திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும். தூசியோ துருவோ அதை அடைத்துவிட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்குவதே நின்றுவிடும். என்ஜின் இருபது முப்பது நிமிடம் ஓடிய பிறகு இது நடப்பதால் சூட்டுக் குறை மாதிரியே தெரியும், ஆனால் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மூடியைத் திறந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் சந்தேகமே வேண்டாம், மூடியைச் சுத்தம் செய்தால் முடிந்தது. எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். செலவே இல்லை, கருவி வேண்டாம், மெக்கானிக் மாற்றச் சொன்ன காயிலும் சி.டி.ஐ.யும் (பொறியை நேரம் பார்த்து விழ வைக்கும் மின்னணுப் பெட்டி) இந்த ஒரு சோதனையால் தப்பித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கிக்கரைக் கையால் அல்லது காலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். காலையில் எவ்வளவு எதிர்ப்பு இருந்ததோ அதே எதிர்ப்பு இருக்கிறதா, இல்லை சட்டென்று வழுக்கிக்கொண்டு கீழே போகிறதா? லேசாகப் போனால் கம்ப்ரஷன் விஷயம், அதற்குக் கீழே வருகிறேன். காலையில் குளிர்ந்த என்ஜினில் கிக்கர் எப்படி இருக்கிறது என்று ஒருமுறையாவது கவனித்து வைத்திருந்தால்தான் இந்த ஒப்பீடு செய்ய முடியும், ஆகவே நாளைக் காலையே பார்த்து வையுங்கள். செல்ஃப் மட்டும் உள்ள வண்டியில் மோட்டார் சுற்றும் வேகமும் சத்தமும் மாறுகிறதா என்று கேளுங்கள்.

இப்போது பொறி. கையில் ஒரு நல்ல உபரி ப்ளக் வைத்திருங்கள், இதற்காகவே வைத்திருங்கள். என்ஜினில் இருக்கிற ப்ளக்கைக் கழற்றாமல் அதன் மேலிருக்கும் கேப்பை மட்டும் இழுத்து, அதில் உபரி ப்ளக்கைச் சொருகி, அந்த ப்ளக்கின் இரும்பு மரைப் பகுதி என்ஜின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்து உதைக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டிலிருந்து ப்ளக்கை அவசரமாகத் திருகினால் மரை போய்விடும், அதைச் சரிசெய்ய ஹெட்டையே இறக்க வேண்டிவரும். தவிர, ப்ளக் துளை திறந்திருந்தால் அதன் வழியே பெட்ரோல் ஆவி வரும், பக்கத்திலேயே பொறி விழும், தீப்பிடிக்க வேறெதுவும் வேண்டாம். அதனால்தான் உபரி ப்ளக். இதைச் செய்யும் முன் டேங்க் மூடியையும் மூடிவிடுங்கள். ப்ளக் உலோகத்தில் படாமல் தொங்கிக்கொண்டிருக்கும்போது உதைக்கக் கூடாது. போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலையோ சி.டி.ஐ.யையோ உள்ளேயே அடித்துவிடும். கையிலும் பிடிக்காதீர்கள், பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும்.

வெயிலில் பொறி தெரியாது, கையால் நிழல் கட்டிப் பாருங்கள். கெட்டியாக நீல நிறத்தில் "டிக் டிக்" என்று கேட்கும்படி விழுந்தால் நல்லது. மஞ்சளாக, மெல்லியதாக, விட்டுவிட்டு விழுந்தால் அதை நல்ல பொறி என்று நம்பாதீர்கள். திறந்த வெளியில் எப்படியோ தாண்டுகிற பலவீனமான பொறி, பிஸ்டன் அழுத்திய காற்றுக்குள் தாண்டாது. அழுத்தம் கூடினால் தாண்டத் தேவைப்படும் வோல்ட்டும் கூடும்.

நல்ல பொறி இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது என்றால் மிச்சம் பெட்ரோல்தான். என்ஜின் கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகு உள்ளே இருக்கும் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. உதைத்து உதைத்தும் காய்ந்தே இருந்தால் போகவே இல்லை. கார்புரேட்டர் வண்டி என்றால் அதன் அடியில் இருக்கிற கிண்ணத்தில் ஒரு சின்ன வடிகால் ஸ்க்ரூ இருக்கும், அதைத் தளர்த்தினால் கொஞ்சம் பெட்ரோல் வர வேண்டும். அனல் அடிக்கும் சைலன்சர் மேல் அது சிந்தாமல் ஒரு பாட்டிலில் பிடியுங்கள். வரவில்லை என்றால் கிண்ணம் காலி.

பெட்ரோல் பக்கம்

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல, பல பொருட்களின் கலவை. அதன் லேசான பகுதிகள் 35 முதல் 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும், கனமான பகுதிகள் ஆவியாக 200 டிகிரி வரை போக வேண்டும். மே மாதம் வேலூரிலோ மதுரையிலோ வெளியிலேயே 40 டிகிரி இருக்கும்போது, ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கார்புரேட்டரின் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். கிண்ணத்துக்குள் பெட்ரோல் குமிழி விடத் தொடங்கினால், அது ஜெட் (பெட்ரோல் போகும் சின்னத் துளை) வழியாக மேலேறி, என்ஜினுக்குள் கலவை போகும் இன்டேக் பாதைக்குள் வழியும். நீங்கள் திரும்பி வந்து உதைக்கும்போது உள்ளே பெட்ரோல் ஆவி தேவைக்கு மேல் இருக்கும், பற்றாது. இன்னும் நேரம் போனால் கிண்ணமே காலியாகி, எதிர்ப்பக்கக் குறை வரும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும், ஆனால் பெட்ரோலோடு சேர்ந்ததும் அதன் லேசான பகுதிகளைக் கூட்டிக்கொண்டு சீக்கிரமே ஆவியாகும். பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் கோடையில் இதைக் கவனித்திருப்பார்கள்.

அளவு மீறிப் போன நிலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சோக்கை அணைத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு எட்டு பத்து முறை உதையுங்கள். முழுதாகத் திறந்தால் நிறையக் காற்று உள்ளே போய் தேங்கிய ஆவியை வெளியே தள்ளும். பிடித்ததும் உடனே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் என்ஜின் அலறும். அப்படி ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் ஆனால் உங்கள் குறை பெட்ரோல் அதிகம் போவது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஏன் அதிகம் போகிறது? இதற்கு ஒரு நல்ல துப்பு காலையிலேயே கிடைக்கும். குளிர்ந்த என்ஜினுக்குக் கெட்டியான, அதாவது பெட்ரோல் கூடுதலான, கலவை வேண்டும், அதற்குத்தான் சோக். சூடான என்ஜினுக்கு அது வேண்டாம். குளிர்ந்த காலையிலும் சோக்கே போடாமல் முதல் கிக்கில் ஸ்டார்ட் ஆகிற கார்புரேட்டர் வண்டியைப் பார்த்து நாம் பெருமைப்படுவோம், ஆனால் அதன் கலவை தேவைக்கு மேல் கெட்டியாக வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், அதே வண்டிதான் மதியம் சூட்டில் படுத்துக்கொள்ளும். சோக் பிளஞ்சர் முழுதாக இறங்காமல் கசிவது, கிண்ணம் நிரம்பியதும் மிதவை தள்ளி மூடும் ஊசி தேய்ந்து பெட்ரோலை நிறுத்தாமல் விடுவது, அடைத்த ஏர் ஃபில்டர், எல்லாமே ஒரே திசையில் கொண்டு போகும். ஊசியைச் சோதிக்க சுலபமான வழி: வண்டியை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு நிறுத்துங்கள். சில நாள் இப்படிச் செய்து பார்த்துத் தொந்தரவு வரவில்லை என்றால் ஊசியும் அது உட்காரும் இடமும்தான் சந்தேகம்.

எதிர்ப்பக்கம், அதாவது பெட்ரோல் போகாத பக்கம், பெரும்பாலும் குழாயில் இருக்கும். பெட்ரோல் டியூப் நீளம் அதிகமாகி ஹெட்டைத் தொட்டபடியோ, மேலே வளைந்து ஏறி இறங்கியோ போனால், அந்த வளைவில் ஆவி தேங்கிப் பெட்ரோலை மறிக்கும். டியூபைச் சரியான நீளத்துக்கு வெட்டி, சூட்டிலிருந்து தள்ளிக் கட்டினால் போதும். ஈரத் துணியை கார்புரேட்டர் கிண்ணத்தின் மேலும் டியூப் மேலும் சுற்றி இரண்டு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் இதுதான் காரணம். துணியை ஹெட்டின் மேலோ சிலிண்டர் மேலோ போடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். அனலாக இருக்கும் உலோகம் ஒரே இடத்தில் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடலாம்.

கரண்ட் பக்கம்

சூட்டில் மட்டும் வருகிற குறைகளில் அதிகமாக ஏமாற்றுவது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காயில் என்றால் பூச்சு பூசிய மெல்லிய செம்புக் கம்பியின் ஆயிரக்கணக்கான சுற்றுகள். உள்ளே எங்கோ ஓரிடத்தில் கம்பி அரைகுறையாக விட்டிருக்கலாம், அல்லது பூச்சு உரிந்திருக்கலாம். குளிர்ந்த நிலையில் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், மின்சாரம் போகும். சூடானதும் விரிந்து பிரியும், பொறி நிற்கும். ஆறினால் மறுபடி தொடும். மெக்கானிக் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாலும் ஆறிய காயில் சரியான ஓமைத்தான் காட்டும், அதனால் "காயில் ஓகே" என்று சொல்லிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை, ஆறிய நேரத்தில் அது உண்மையிலேயே ஓகே.

இப்படிக் கெடக்கூடிய இடங்கள் நான்கு. டேங்க் அடியில் இருக்கும் ஹெச்.டி. காயில். மேக்னெட் பக்கத்தில் இருக்கிற, பொறி விழ வேண்டிய நேரத்தைச் சொல்லும் பிக்கப் காயில், இதை நம்மூரில் பல்சர் காயில் என்பார்கள் (அந்தப் பெயருள்ள பைக்குக்கும் இதற்கும் தொடர்பு இல்லை). மேக்னெட் கவருக்குள் மின்சாரம் உற்பத்தி செய்யும் சுற்று. அப்புறம் சி.டி.ஐ. பெட்டி. எது என்று பிரிக்க இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது, ஆற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கவனிப்பது. டேங்க் அடியில் காற்றுப்படும் இடத்தில் இருக்கிற காயில் பதினைந்து இருபது நிமிடத்தில் ஆறிவிடும். மேக்னெட் கவருக்குள் இருக்கிறவை சூடான என்ஜின் உடம்போடும் பல வண்டிகளில் சூடான ஆயிலோடும் ஒட்டி இருப்பதால், முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட எடுக்கும். இதை முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கே முதலில் தேடுவது என்பதற்கு நல்ல வழிகாட்டி.

இரண்டாவது, பொறி இல்லை என்று உறுதியானதும் சந்தேகப்படும் பாகத்தை மட்டும் தனியாகக் குளிர வைப்பது. காயிலின் மேல் ஈரத் துணியைப் பிழிந்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, கனெக்டர்களில் தண்ணீர் படாமல் துடைத்துவிட்டு உதையுங்கள். என்ஜின் இன்னும் அனலாக இருக்கும்போதே பொறி திரும்பினால் ஆள் மாட்டிக்கொண்டார். சி.டி.ஐ.யையும் இப்படியே பார்க்கலாம். வீட்டில் இதையே திருப்பிச் செய்யலாம்: குளிர்ந்த பைக்கில் காயிலின் மேல் ஹேர் டிரையரால் சூடு காட்டி, மல்டிமீட்டரில் எண் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும், அதனால் 50 டிகிரி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு எண் கூடுவது இயல்பு, பயப்பட வேண்டாம். எண் சட்டென்று தாவினாலோ, மீட்டர் தொடர்பே இல்லை என்று காட்டினாலோதான் குறை. ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

காயில் வாங்கும் முன் ப்ளக் கேப்பையும் பார்த்துவிடுங்கள். அதற்குள் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், பல வண்டிகளில் 5 கிலோ ஓம். அது உள்ளே கருகியிருந்தால் சூட்டில் இதே கூத்துதான், விலையோ காயிலில் ஒரு சின்னப் பங்கு. அதேபோல ப்ளக் இடைவெளி. பெரும்பாலான சின்ன பைக்குகளில் 0.6 முதல் 0.9 மி.மீ. வரை இருக்க வேண்டியது தேய்ந்து தேய்ந்து அகன்றுவிடும், பலவீனமான காயிலால் அந்தத் தூரத்தைத் தாண்ட முடியாது. நடுவழியில் மாட்டிக்கொண்டால் உபரி ப்ளக்கின் இடைவெளியைக் கொஞ்சம் நெருக்கி மாட்டிப் பாருங்கள், வீடு வந்து சேர உதவும். அதற்காக அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் போன்ற பாயின்ட் வண்டி (சி.டி.ஐ.க்குப் பதில், திறந்து மூடும் தொடுமுனையால் பொறி விழ வைப்பது) வைத்திருப்பவர்கள் முதலில் அந்த பாயின்ட்டோடு இணைந்திருக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படலாம். சூட்டில் மடங்கி, ஆறினால் எழுந்திருப்பது கண்டென்சருக்கே உரிய குணம். பாயின்ட் திறக்கும்போது அதன் நடுவில் பெரிய மஞ்சள் பொறி பறந்தால் அது போய்விட்டது. விலை குறைவு, ஒன்றைக் கூடவே வைத்திருங்கள்.

கம்ப்ரஷன் பக்கம்

சூட்டில் கிக்கர் லேசாகப் போகிறது என்றால் பெரும்பாலும் டாப்பெட். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள், பல 100 முதல் 150 சிசி வண்டிகளில் அது 0.05 மி.மீ.க்கும் 0.15 மி.மீ.க்கும் இடையில். சாதாரண வெள்ளைத்தாளின் தடிமனே ஏறக்குறைய 0.1 மி.மீ., அவ்வளவு குறுகலான இடம். எக்ஸாஸ்ட் வால்வு அதைச் சுற்றியிருக்கும் ஹெட்டை விடப் பல மடங்கு சூடாகி நீளும், அந்த நீட்சிக்காகத்தான் இந்த இடைவெளி. அது இல்லாமல் போனால் சூடான வால்வு முழுதாக மூடாது, மெல்லிய திறப்பு வழியே அழுத்தம் ஓடிவிடும். ஆறியதும் வால்வு சுருங்கி மூடிக்கொள்ளும், வண்டி ஸ்டார்ட் ஆகும்.

இங்கே நம்மூர்ப் பழக்கம் ஒன்று நேரடியாகக் கெடுதல் செய்கிறது. என்ஜினில் "டக டக" என்று டாப்பெட் சத்தம் வந்தால் பலருக்குப் பொறுப்பதில்லை, மெக்கானிக்கிடம் சொல்லிச் சத்தமே இல்லாதபடி இறுக்கச் சொல்கிறார்கள், அதுவும் வண்டி ஓட்டிக்கொண்டு போன சூட்டோடு, அளக்கும் கேஜ் இல்லாமல், காதை வைத்து. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமிழ்ந்து இந்த இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும் வண்டிகள் நிறைய உண்டு, அதன் மேல் நாமும் இறுக்கினால் என்ன மிஞ்சும்? லேசாகச் சத்தம் போடும் டாப்பெட்டால் காதுக்குத்தான் தொந்தரவு. சத்தமே இல்லாத இறுகிய டாப்பெட் வால்வையே எரித்துவிடும், ஏனென்றால் வால்வு தன் சூட்டை இறக்கி வைப்பது மூடியிருக்கும் நேரத்தில் இருக்கையின் வழியாகத்தான். ஆகவே டாப்பெட் சரிசெய்வது என்றால் இரவெல்லாம் நின்று ஆறிய என்ஜினில், ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து, மேனுவல் சொல்லும் அளவுக்கு.

தள்ளி ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை. உதைத்தால் ஆகாத கிக்கர் வண்டி, இரண்டாவது கியரில் தள்ளிவிட்டால் ஆகிறது என்றால் அழுத்தம் குறைவாக இருக்கலாம், அல்லது மேக்னெட் தரும் மின்சாரம் பலவீனமாக இருக்கலாம். இரண்டுமே என்ஜின் வேகமாகச் சுற்றினால் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். இவை இரண்டில் எது என்று கிக்கரின் எதிர்ப்பும் பொறியின் நிறமும் சொல்லிவிடும்.

புதிய எஃப்.ஐ. வண்டிகள்

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பம்ப் அழுத்தத்தில் பெட்ரோல் இருப்பதால் ஆவி மறிக்கும் தொல்லை குறைவு. ஆனால் வேறு சில விஷயங்கள் சேர்ந்துகொண்டன.

சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று நொடி "ஙீ" என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். சூட்டில் நின்றுபோன நேரத்தில் அந்தச் சத்தம் இல்லை என்றால் பம்ப், அதன் ரிலே, ஃப்யூஸ், கனெக்டர் என்று போகலாம். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான், எப்போதும் ரிசர்வ் அளவிலேயே ஓட்டுகிறவர்களின் பம்ப் அதிகச் சூட்டில் வேலை செய்கிறது.

அடுத்தது என்ஜின் சூட்டை அளக்கும் சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், அதை வைத்துத்தான் இ.சி.யு. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று முடிவு செய்கிறது. சென்சார் கெட்டு "என்ஜின் குளிர்ந்திருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அனலாக இருக்கும் என்ஜினுக்கு இ.சி.யு. காலை நேரத்துக் கெட்டிக் கலவையை ஊற்றும். ஸ்டார்ட் ஆகாது, ப்ளக் நனைந்திருக்கும், மைலேஜும் சேர்ந்தே விழும். மீட்டரில் என்ஜின் விளக்கு மின்னுகிறதா, எத்தனை முறை மின்னுகிறது என்று போனில் வீடியோ எடுத்து வையுங்கள், பல வண்டிகளில் அந்த மின்னல் கணக்கே குறையின் குறியீடு. விளக்கு எரியவில்லை என்பதால் சென்சார் நல்லது என்று ஆகிவிடாது, தவறான ஆனால் நம்பும்படியான அளவைச் சொல்லும் சென்சாரை இ.சி.யு. பிடிப்பது கஷ்டம்.

செல்ஃப் போட்டால் "டக் டக்" என்று மட்டும் வருகிறது, மோட்டார் இழுக்கவே இல்லை என்றால் அது வேறு வியாதி, பேட்டரி. முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், செல்ஃப் அழுத்தும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது, என்ஜின் ஓடி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது 14 வோல்ட் சுற்றி ஏற வேண்டும். சூடான பிறகு இந்த 14 வரவில்லை என்றால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள், அதுவும் சூட்டில் மயங்குகிற பாகம்தான்.

மெக்கானிக்கிடம் கொண்டு போகும்போது

"ஹீட் ஆனா ஸ்டார்ட் ஆகல அண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் வழக்கமான ப்ளக், கார்புரேட்டர் வேலையைத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. "நின்னதும் பார்த்தேன், கரண்ட் இல்ல, கிக்கர் டைட்டாத்தான் இருந்துச்சு, டேங்க் மூடி திறந்தும் எடுக்கல, முக்கால் மணி நேரம் கழிச்சு எடுத்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள், நல்ல மெக்கானிக் அப்போதே மேக்னெட் கவர் பக்கம் குனிவார். முடிந்தால் வண்டியை அரை மணி நேரம் ஓட்டி அனலோடு கொண்டு போய், அவர் கண் முன்னாலேயே நிறுத்துங்கள், பத்து நிமிடம் இருவரும் காத்திருங்கள். "இதுவா இருக்கலாம்" என்று ஒரே நாளில் காயில், சி.டி.ஐ., ப்ளக் மூன்றையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, கழற்றிய நல்ல பாகத்துக்கும் சேர்த்துப் பணம் போகும். ஒன்றை மாற்றி, ஓட்டி, நிறுத்தி, பார்த்துவிட்டு அடுத்தது. பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த வண்டியை வாங்கும்போதும் கடை வாசலில் ஒரு கிக் அடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். முன்பு எவ்வளவு தூரம் ஓடினால் தகராறு வந்ததோ அவ்வளவு தூரம் ஓட்டி, முன்பு எவ்வளவு நேரம் நிறுத்தினால் வந்ததோ அவ்வளவு நேரம் நிறுத்தி, மத்தியான வெயிலில், சோக் போடாமல், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் உதைத்துப் பாருங்கள்.